திருப்பினால் மக்கர்: வீட்டில் செய்த டிராக் ரோபோவுக்குக் கோளாறு பார்க்கும் வழி

டாங்கிபோல் இரண்டு பக்கமும் பட்டை சுற்றி ஓடும் வண்டிதான் டிராக் ரோபோ. நேராக ஓடும்வரை எல்லா டிராக் ரோபோவும் நல்ல பிள்ளைதான். திருப்பினால்தான் சுயரூபம் தெரியும். சங்கிலி கழல்வது, வண்டிக்கு மூளையான கன்ட்ரோலர் செத்துப் பிழைப்பது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் டிரைவர் போர்டு புகைவது, ரேடியோ தொடர்பு விட்டுப்போனதுபோலத் தெரிவது என்று நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி, வண்டி திரும்பிய நொடியில் வந்தவை. அதனால் யார் வந்து "ஓட மாட்டேங்குது" என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "திருப்பும்போதா, நேராகப் போகும்போதா?"

என் கையில் இப்போது இருப்பது மூன்றாவது வண்டி. எடை 12 கிலோ. அலுமினிய ஆங்கிளில் சட்டம், இரண்டு கார் வைப்பர் மோட்டார், பக்கத்துக்கு இரண்டு வரிசை 08பி சங்கிலி, அவற்றின் நடுவே திருகிய ரப்பர் கட்டைகள், 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. பட்டறை என்று தனியாக ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடம்தான் பட்டறை. புளோக்கின் கீழ்த்தளம்தான் சோதனைக்களம். முதல் வண்டி திரும்பவே திரும்பாது. இரண்டாவது திரும்பும், ஆனால் நேராகப் போகாது. அவற்றின் கதையும் இடையிடையே வரும்.

கையை வைக்கும் முன்

டிராக் தரையில் படாதபடி வண்டியை எதன்மீதாவது ஏற்றி நிறுத்துங்கள். நான் இரண்டு பெரிய மைலோ டின்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பேட்டரி பிளக்கைப் பிடுங்காமல் சங்கிலிப் பக்கம் கை போகக்கூடாது. சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் மாட்டியது விரல் என்று வைப்பர் மோட்டாருக்குத் தெரியாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். குறைந்த அளவையும் அதிக அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் மல்டிமீட்டர் ஒன்று, டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று (மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், பார்த்து வாங்குங்கள்), நீளமான இரும்பு ஸ்கேல், மார்க்கர் பேனா. உதிரிப் பாகத்துக்கு ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர். புதியவர்கள் பெயரை நம்பி சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடுகிறார்கள். அது கணினியும் கைப்பேசியும் விற்கும் இடம். கெப்பாசிட்டரும் கனெக்டரும் சில்லறையாக வேண்டுமென்றால் டவர்தான்.

டிராக் கழன்று விழுகிறது

இதுதான் எல்லாருக்கும் வருவது. கழன்றவுடன் மாட்டி மறுபடி ஓட்டத்தான் கை துடிக்கும். பொறுங்கள். மூன்று முறை வேண்டுமென்றே கழலவிட்டு, மூன்று முறையும் எழுதிவையுங்கள்: இடதா வலதா, உள்பக்கமாகவா வெளிப்பக்கமாகவா, முன்னால் போய்த் திரும்பும்போதா, பின்னால் வந்து திரும்பும்போதா. இந்த மூன்று வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பின்னால் வந்து திரும்பும்போது மட்டும் கழன்றால், தொய்வு அதிகம். காரணம் இது. பெரும்பாலும் நாம் பல்சக்கரத்தை வண்டியின் பின்புறம் வைக்கிறோம். முன்னால் போகும்போது அது கீழ்ச்சங்கிலியை இழுக்கிறது. தொய்வெல்லாம் மேல்பக்கம் போய்ச் சேர்கிறது; அங்கே அது தொங்கினாலும் யாருக்கும் நட்டமில்லை. பின்னால் வரும்போது தலைகீழ். மேல்சங்கிலி விறைக்கிறது, தொய்வு கீழே பல்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்து குவிகிறது. அந்த இடம் தரையில் அழுந்தியிருக்கிறது. வண்டி திரும்பும்போது பக்கவாட்டுத் தள்ளலும் அங்கேதான் விழுகிறது. தளர்ந்த சங்கிலியைப் பக்கத்தில் தள்ளினால் அது பல்லின்மேல் ஏறாமல் என்ன செய்யும்?

எவ்வளவு தொய்வு சரி? வண்டியை டின்மேல் ஏற்றி, மேல்பக்கச் சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்துங்கள். சக்கர மையங்களுக்கு இடையே 450 மிமீ உள்ள என் வண்டியில் 10 மிமீ அளவுக்கு இறங்கினால் நான் திருப்தி அடைந்துவிடுவேன். இறங்கவே மறுத்தால் அதுவும் கோளாறுதான். டிராக் கழலாது, ஆனால் பேரிங் தேயும், மோட்டார் சும்மா சுற்றுவதற்கே கூடுதல் ஆம்பியர் கேட்கும். இறுக்கும் போல்ட்டை முழுக்கத் திருகியும் தொய்வு போகவில்லை என்றால் சங்கிலி தேய்ந்துவிட்டது. 08பி சங்கிலியில் பிட்ச், அதாவது கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம், 12.7 மிமீ, 20 பிட்ச் சேர்ந்தால் 254 மிமீ. அது 259 மிமீ வந்துவிட்டால், அதாவது 2 விழுக்காடு நீண்டுவிட்டால், மாற்றிவிடுங்கள். ஒரு கண்ணியைக் கழற்றிச் சமாளிப்பது ஒரு வாரத்துக்குத்தான். பிட்ச் நீண்ட சங்கிலி பல்லில் சரியாக உட்காராது.

எப்போதும் ஒரே பக்கம், ஒரே திசையில் கழன்றால், சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை. இரும்பு ஸ்கேலைப் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, முன்சக்கரம்வரை பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைச் சங்கிலி பொறுத்துக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டரைப் பொறுக்காது.

இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் வலது டிராக் வெளிப்பக்கமாகக் கழன்றுகொண்டே இருந்தது. இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கீழ்த்தளத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் மாடிப் பையன் ஒருநாள், "அங்கிள், திரும்பும்போது அந்தச் சக்கரம் சாயுது" என்றான். நான் எப்போதும் வண்டியை மேலிருந்து பார்த்தவன். அவன் தரையில் உட்கார்ந்து பின்னாலிருந்து பார்த்தவன். பல்சக்கரத்தின் தண்டுக்கு உள்பக்கம் மட்டும் தாங்கல் இருந்தது, வெளிமுனை அந்தரத்தில் நின்றது. சுமை ஏறியதும் தண்டு வளைந்தது. டின்மேல் நிறுத்தி அளந்தபோது சுமை இல்லை, அதனால் எல்லாம் நேர். வெளிப்பக்கம் ஒரு அலுமினியத் தகடும் பேரிங்கும் போட்டதோடு அந்தக் கோளாறு ஒழிந்தது. ஆகவே ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் இன்னும் நல்லது.

சட்டமே முறுக்கிக்கொள்வதும் இதே அறிகுறியைக் காட்டும். வண்டியின் ஒரு மூலையை மட்டும் தூக்குங்கள். பக்கத்து மூலைகள் இரண்டுமே தரையில் ஒட்டிக்கொண்டிருந்தால் சட்டம் நெளிகிறது என்று அர்த்தம். குறுக்கே ஒரு தகட்டை வைத்துத் திருகினால் சரியாகிவிடும்.

புல்வெளியிலும் சிமென்ட்டிலும் சமர்த்தாக ஓடி, ஈர மண்ணில் மட்டும் கழன்றால், பல்லின் அடியில் மண் அடைகிறது. பழைய மலாயா ரயில் ஓடிய பாதை இருக்கிறதே, 2011இல் ரயில் நின்றபின் 24 கிலோமீட்டர் நடைபாதையாக மாறியது, அதன் ஓரத்துச் செம்மண் மழைக்குப் பிறகு கொழுக்கட்டை மாவுபோல் ஒட்டும். பல் இடுக்கில் மாவு ஏற ஏறப் பல்சக்கரத்தின் விட்டம் கூடிக்கொண்டே போகிறது, சங்கிலி இறுகுகிறது, கடைசியில் பல்லைத் தாண்டிக் குதிக்கிறது. இதற்கு இறுக்கம் மாற்றிப் பயனில்லை. பல்சக்கரத்தில் பல்லுக்குக் கீழே ஓட்டைகள் போட்டு மண் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேற வழி விடுங்கள். சட்டத்தில் ஒரு சுரண்டும் தகட்டையும் மாட்டலாம். சரளைக்கல் சிக்கினால் அதற்கு மருந்து கிடையாது. நிறுத்தி எடுக்க வேண்டியதுதான்.

கடைசியாக வழிகாட்டிப் பல். பட்டையின் உள்பக்கம் நடுவில் வரிசையாக முட்டுக்கள் இருந்து அவை சக்கரங்களின் நடுப்பள்ளத்தில் ஓடினால்தான் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க முடியும். வெறும் தட்டையான பட்டையை பள்ளமில்லாத சக்கரத்தில் ஓட்டிவிட்டு, கழல்கிறது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

நேராக ஓடுகிறது, திரும்பச் சொன்னால் முனகிவிட்டு நிற்கிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை, வடிவமைப்பு. என் முதல் வண்டியை வாசலில் உள்ள காலணி அலமாரிக்குள் வைக்கலாம் என்று ஒல்லியாகச் செய்தேன். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பதால் வெளியே வைக்க முடியாது. அலமாரிக்குள் அழகாக உட்கார்ந்தது. தரையில் இறக்கித் திருப்பினால் ஆணி அடித்ததுபோல் நின்றது.

டிராக் வண்டிக்கு ஸ்டியரிங் இல்லை. பட்டையைத் தரையில் பக்கவாட்டாகத் தேய்த்துத்தான் திரும்புகிறது. தேவைப்படும் விசைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உராய்வு எண், எடை, பட்டை தரையில் படும் நீளம் மூன்றையும் பெருக்கி, இரண்டு பட்டைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால், ஒவ்வொரு பட்டையும் தர வேண்டிய விசை வரும். என் இப்போதைய வண்டி 12 கிலோ, நீளம் 400 மிமீ, இடைவெளி 300 மிமீ. ரப்பருக்கும் சிமென்ட்டுக்கும் உராய்வு எண் 0.8 என்று வைத்தால் சுமார் 31 நியூட்டன். பல்சக்கர ஆரம் 40 மிமீ என்றால் ஒவ்வொரு மோட்டாரும் ஏறக்குறைய 1.26 நியூட்டன் மீட்டர் தர வேண்டும், கடைக்காரர் பாஷையில் 13 கிலோ சென்டிமீட்டர். நேராக ஓட இதில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

காலணி அலமாரி வண்டியின் அளவு 520க்கு 230. இதே எடையை அதில் ஏற்றினால் 53 நியூட்டன் ஆகிவிடும். நீளத்தை இடைவெளியால் வகுத்து வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றுக்கும் 1.7க்கும் நடுவில் இருந்தால் நல்லது. என்னுடையது இப்போது 1.33. அலமாரி வண்டி 2.26.

சட்டத்தை வெட்டி அகலமாக்க மனமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. நடுச் சக்கரங்களை மற்றவற்றைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். கடினத் தரையில் பட்டையின் நடுப்பகுதி மட்டும் அழுந்தும், நீளம் குறைந்ததுபோல் ஆகும், வண்டி சட்டென்று திரும்பும். மண்ணில் இறங்கினால் முழு நீளமும் பிடிக்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

எங்கே சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கீழ்த்தளத்தின் வழவழப்பான சிமென்ட்டில் திரும்புகிற வண்டி, விளையாட்டுத் திடலின் ரப்பர்த் தரையில் திணறும். ரப்பர்மேல் ரப்பர், பிடித்தால் விடாது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அங்கே ஒருமுறை நின்ற இடத்தில் சுழற்றிப் பாருங்கள். அதில் தேறினால் எங்கும் தேறும். சிமென்ட்டில் சுழற்றினால் கருப்புக் கோடு விழும். காலையில் துப்புரவு செய்யும் பாய் பார்ப்பதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுவது மரியாதை.

திருப்பும் நொடியில் விளக்கெல்லாம் அணைந்து, கன்ட்ரோலர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது

மேலே சொன்ன ஐந்து மடங்கு விசைக்கு, ஆம்பியரும் ஏறக்குறைய அந்த அளவில் ஏறும். அந்த நொடியில் பேட்டரி மின்னழுத்தம் குனிகிறது. கன்ட்ரோலர் அதே கம்பியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதற்கு மயக்கம் வருகிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டில் சிப்புக்கு வரும் அழுத்தம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது தன்னைத் தானே நிறுத்தி மறுபடி தொடங்கும். 12 வோல்ட் எப்படி அவ்வளவு கீழே போகும் என்று கேட்கலாம். கண் இமைக்கும் நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடும். சாதாரண மீட்டரில் தெரியாது, குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் மீட்டர் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

மீட்டர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். கன்ட்ரோலருக்கு மட்டும் கைப்பேசி பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுங்கள். நெகட்டிவ் கம்பிகள் மட்டும் பொதுவாக இருக்கட்டும். இப்போது திருப்பினால் கோளாறு போய்விட்டதா? மின்னழுத்தக் குனிவுதான் காரணம். போகவில்லையா? மோட்டாருக்குள் உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷின் மின் இரைச்சல். ஐந்து நிமிடச் சோதனை, ஆனால் இதைச் செய்யாமல் ஆட்கள் நிரலைத் திருத்திக்கொண்டு நாட்களை ஓட்டுகிறார்கள்.

குனிவு என்றால் கம்பியைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து டிரைவர்வரை 0.75 சதுர மிமீ கம்பி, போக வர மொத்தம் ஒரு மீட்டர் என்றால் தடை சுமார் 0.023 ஓம். 40 ஆம்பியர் பாயும்போது கிட்டத்தட்ட ஒரு வோல்ட் கம்பியிலேயே போய்விடும். தடித்த சிலிக்கான் கம்பி போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள், பேட்டரியின் எக்ஸ்டி60 வகைப் பிளக்கில் ஈயப்பற்று மங்கலாகவும் உருண்டையாகவும் இருந்தால் மறுபடி சூடாக்கிப் பற்றவையுங்கள். கன்ட்ரோலருக்குத் தனி வோல்டேஜ் கன்வெர்ட்டர் வைத்து, அதன் கம்பியை டிரைவர் போர்டிலிருந்து எடுக்காமல் நேராகப் பேட்டரி முனையிலிருந்து எடுங்கள். நெகட்டிவ் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரட்டும்.

இரைச்சல் என்றால் ஒவ்வொரு மோட்டாருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் மூன்று: இரண்டு முனைகளுக்கு இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் உலோக உடலுக்கு ஒவ்வொன்று. மோட்டார் கம்பிகளை முறுக்கி விடுங்கள். சென்சார் கம்பிகளை அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஃபியூஸ் போகிறது, அல்லது டிரைவர் போர்டு புகைகிறது

முதலில் ஒரு கேள்வி. ஃபியூஸ் இருக்கிறதா? பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டியின் மறுகோடியில் இருந்தால் நடுவிலுள்ள கம்பிதான் ஃபியூஸ்.

மோட்டார் நின்ற நிலையில் இழுக்கும் மின்னோட்டம் தெரியாமல் டிரைவர் வாங்கக்கூடாது. மோட்டார் சுருளின் தடை 0.5 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 24 ஆம்பியர். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று எதிர்த்திசைக்குத் தட்டினால் மோட்டார் தானே உண்டாக்கும் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாயும். ஓட்டுகிறவர் சாமர்த்தியமாக நின்ற இடத்தில் திருப்புவது என்பது, ஒரு பக்க மோட்டாருக்கு இதுதான். ஆகவே நிரலில் வேகம் படிப்படியாக மாறட்டும். பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்குக் கால் நொடி எடுத்துக்கொண்டாலே போதும், ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

எல்298என் என்ற டிரைவர் போர்டு மேசைமேல் ஓடும் பொம்மைக்கு நல்லது. சேனலுக்கு 2 ஆம்பியர், அதிலும் 1 ஆம்பியரிலேயே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். பிடிஎஸ்7960 போர்டில் 43 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிப் தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தை மறிக்கும் எல்லை அது, நாள் முழுக்க ஓட்டும் அளவு அல்ல. இரண்டு மூன்று நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் சூட்டுக் காப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். விசிறி வையுங்கள்.

இப்போது என் விதிக்கு விலக்கு. மூன்றாவது வண்டி முதல்நாள், நின்ற இடத்தில் சுழலச் சொன்னால் சுழன்றது. நேராகப் போகச் சொன்னால் ஃபியூஸ் போனது. மூன்று ஃபியூஸ் போன பிறகுதான் உறைத்தது. கார் வைப்பர் மோட்டார்கள் பலவற்றில் ஒரு முனை மோட்டாரின் உலோக உடலோடு உள்ளேயே இணைந்திருக்கும். காரில் சட்டம் முழுக்க நெகட்டிவ் என்பதால் அங்கே அது வசதி. நம் வண்டியில் இரண்டு மோட்டாரும் ஒரே அலுமினியச் சட்டத்தில் எதிரெதிராக நிற்கின்றன. நேராகப் போக ஒன்றின் உடல் பாசிட்டிவ், மற்றதன் உடல் நெகட்டிவ். நடுவில் சட்டம். பட்டென்று ஷார்ட். சுழலும்போது இரண்டு உடலும் ஒரே பக்கம், அதனால் பிழைத்தது.

மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். பீப் அடித்தால் அந்த வகைதான். மோட்டாரைத் திறந்து உடலோடு பற்றவைத்த முனையைப் பிரித்துத் தனிக் கம்பி எடுக்கலாம். இல்லையென்றால் நைலான் புஷ்ஷும் பிளாஸ்டிக் தகடும் வைத்து மோட்டாரைச் சட்டத்திலிருந்து விலக்கலாம், ஆனால் அப்போது சங்கிலியும் பல்சக்கரமும் மின்சாரத்தைக் கடத்திவிடாமலும் பார்க்க வேண்டும். நான் திறந்தேன்.

மோட்டார் சத்தம் வருகிறது, டிராக் நகரவில்லை

கிரப் ஸ்குரூ, அதாவது பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் தலையில்லாத சின்னத் திருகு. தண்டின் குறுக்கேயும் பல்சக்கர மையத்தின் குறுக்கேயும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு உடைந்தால் வழுக்குகிறது. உருண்டைத் தண்டில் கிரப் ஸ்குரூ என்றைக்கும் நிற்காது. தண்டைத் தட்டையாக அராவுங்கள், முடிந்தால் தண்டிலும் பல்சக்கரத்திலும் காடி வெட்டிச் சாவிக்கட்டை செருகுங்கள். திருகைப் பூட்டும் நீலத் திரவம் ஒரு சொட்டு விடலாம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் அது பட்டால் விரிசல் விடும், உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கம் இழுக்கிறது

டிரைவரில் இடது மோட்டாரையும் வலது மோட்டாரையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் டிரைவர் அல்லது ரேடியோ ஸ்டிக்கின் நடுநிலை. அதே பக்கம் நின்றால் மோட்டார் அல்லது டிராக். அப்புறம் இரண்டு பக்கத்தின் இறுக்கத்தையும் ஒப்பிடுங்கள். இறுக்கமான பக்கம் மெதுவாக ஓடும், வண்டி அந்தப் பக்கம் சாயும்.

பழைய கம்பியில்லா டிரில்லிலிருந்து எடுத்த மோட்டார் என்றால் இன்னொன்று உண்டு. டிரில் முன்பக்கம் சுற்றுவதற்கென்றே பிரஷ் கோணம் சற்றுத் தள்ளி அமைந்திருக்கும். ஒரு திசையில் வேகம் அதிகம், எதிர்த்திசையில் குறைவு. வண்டியில் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல் மாட்டுவதால் ஒன்று எப்போதும் அதன் மெதுவான திசையில் ஓடுகிறது. என் இரண்டாவது வண்டி வாழ்நாள் முழுக்க வலப்பக்கமே போனது இதனால்தான். பின்னால் வரும்போது இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் இந்த நோய் என்று உறுதி. மோட்டாரின் பின்மூடியைத் திருகி நடுநிலைக்குக் கொண்டுவர முடியும் வகை சிலவற்றில் உண்டு. இல்லையென்றால் சுற்றை எண்ணும் சென்சாரான என்கோடர் வைத்து நிரலில் சமன்செய்வதுதான் வழி.

ரேடியோ தொடர்பு விட்டுவிட்டு வருகிறது

முதலில் மேலே சொன்ன மின்னழுத்தக் குனிவை விலக்கிவிடுங்கள். ரிசீவர் மயங்கி எழுவதும் தொடர்பு அறுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றே. திருப்பும்போது மட்டும் விட்டுப்போனால் ரேடியோமேல் பழி போடாதீர்கள்.

தூரத்தில் மட்டும் விட்டுப்போனால் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் உறை உரித்த முனை 31 மிமீ நீளம், கால் அலைநீளம். அது அலுமினியப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தால் ஒன்றும் கேட்காது. பிளாஸ்டிக் குழாயில் செருகி மேலே நிமிர்த்துங்கள். ஈரமான புதருக்குப் பின்னால் வண்டி போனாலும் சமிக்ஞை விழும், தண்ணீர் அந்த அலையை விழுங்கும்.

தொடர்பு அறுந்தால் வண்டி நிற்கிறதா என்பதை டின்மேல் வைத்து, மோட்டார் சுற்றும்போது கைக்கருவியை அணைத்துப் பாருங்கள். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வண்டி அப்படித்தான் முழு வேகத்தில் லோங்காங் எனும் மழைநீர் வடிகாலுக்குள் போனது. அன்று மழையில்லாத நாள்.

மழைக்குப் பின் மறுநாள் உயிர் இல்லை

இங்கே ஆண்டுக்கு 2,100 மிமீக்கு மேல் மழை. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம். தண்ணீர் புகாத பெட்டி என்று வாங்கியிருப்பீர்கள், உள்ளே சொட்டு நிற்கும். ரப்பர் வளையம் கெட்டுவிட்டது என்று மாற்றுவோம், மறுபடி சொட்டு. காரணம் பெட்டி மூச்சு விடுவது. வெயிலில் ஓடி உள்காற்று சூடாகி விரிகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது. திடீரென்று மழை கொட்டிப் பெட்டி குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி, வளையத்தின்மேல் நிற்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது. காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சின்ன வென்ட் பிளக் ஒன்றைப் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டினால் இது நின்றுவிடும். கம்பிகள் நுழையும் இடம் கீழ்நோக்கி இருக்கட்டும். நுழையும் முன் கம்பியில் ஒரு தொங்கல் விட்டால் துளி அங்கேயே சொட்டிவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பை, மாதம் ஒருமுறை காயவைத்து.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் ஓட்டினால் கதை வேறு. உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அன்றே எண்ணெய் போடுங்கள். அலுமினியமும் எவர்சில்வர் திருகும் தொடும் இடத்தில் உப்பு சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். திருகுக்குக் கிரீஸ் பூசி மாட்டுங்கள்.

3டி பிரிண்டரில் செய்த பாகங்கள் நெளிகின்றன

பிரிண்டரில் பலரும் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். மதிய வெயிலில் கார் டிக்கியில் வைத்த வண்டியும், மோட்டார் ஒட்டிய தாங்கியும் அங்கே சேர்ந்துவிடும். மோட்டார்ப் பக்கம் ஏபிஎஸ், மற்ற இடத்துக்குப் பெட்ஜி. பட்டைக்கு நெகிழ்வான டிபியூ, ஊசிகளுக்கு இரும்புக் கம்பி. அச்சிடும் இழையைத் திறந்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நைலான் இழை ஒரு நாளிலேயே ஈரம் குடித்து, அச்சிடும்போது பொரியத் தொடங்கிவிடும்.

முன்பு 40 நிமிடம் ஓடியது, இப்போது 15

பேட்டரியைக் குறை சொல்லும் முன் டின்மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் சும்மா சுற்றும்போது கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு என்று எழுதிவைத்திருந்தால் உடனே தெரியும். அதைவிடக் கூடியிருந்தால் உராய்வு: இறுக்கம் அதிகம், பேரிங்கில் மணல், காய்ந்த சங்கிலி. ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பிரியுங்கள். இது சரியாக இருந்தால்தான் பேட்டரி.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வைத்திருந்தால் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து பாருங்கள். நிறைந்தால் 4.2 வோல்ட், 3.3க்குக் கீழே இறக்கக்கூடாது, வாரக்கணக்கில் வைக்க 3.8. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் தள்ளி நின்றால் அதன் காலம் முடிந்தது. நான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறியதே வீட்டுக்காக. எடை கூடுதல்தான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் கோபப்படாது. எந்தப் பேட்டரியாக இருந்தாலும் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துப் போடாதீர்கள். உப்பியிருந்தால் குத்திப் பார்க்க வேண்டாம், மறுபடி சார்ஜும் வேண்டாம். முனைகளை டேப்பால் மூடி, தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள், வண்டியிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள்.